ஆமை புகுந்த வீடு

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

முன்னுரை

சங்கரன்கோவில் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு ஊர்வன இனம் அயலானதன்று. சங்கரநாராயணர் திருக்கோயிலின் தலவரலாறே சங்கன், பதுமன் என்னும் இரு நாக அரசர்களின் வழக்கிலிருந்துதான் தொடங்குகிறது. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று அவர்கள் வாதிட, அம்பிகை தவமிருக்க, இருவரும் ஒருவரே என இறைவன் காட்சி தந்ததாகக் கூறுவர். இன்றும் அடியவர்கள் பாம்பு, தேள் முதலிய உருவங்கள் பொறித்த தகடுகளை வாங்கிக் கோயிலில் செலுத்துகின்றனர். புற்று மண்ணைப் பிரசாதமாகப் பெற்று நெற்றியில் இட்டுக்கொள்கின்றனர்.

இவ்வாறு ஊர்வனவற்றை அஞ்சவும் வணங்கவும் அறிந்த நாம், அவற்றை வளர்க்க அறிவோமா? ஆசைப்பட்டு வளர்த்த ஒன்று பின்னர் வேண்டாததாகிவிட்டால், அதனை என்ன செய்வது என்பதை அறிவோமா? இக்கேள்வி எனக்குப் பாடப் புத்தகத்திலிருந்து எழவில்லை. ராயகிரியில் எங்கள் வீட்டு முற்றத்தில் வந்திறங்கிய ஒரு பிளாஸ்டிக் வாளியிலிருந்து எழுந்தது. அவ்வாளியால் நான் கற்றவற்றை நம் கல்லூரித் தோழர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாளியில் வந்த விருந்தாளி

சென்னையில் வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன் பொங்கலுக்குக் குடும்பத்தோடு ஊருக்கு வந்திருந்தார். கரும்புக்கும் துணிப்பைகளுக்கும் நடுவே மூடியில் துளையிட்ட வாளி ஒன்றும் வந்து இறங்கியது. திறந்து பார்த்தால் ஓர் ஆமை. அவருடைய மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு, 2017-ஆம் ஆண்டில், மீன்தொட்டிக் கடை ஒன்றில் வாங்கியதாம். அப்போது அது ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரியதாக, பச்சைப் பசேலென்று இருந்ததாம். இப்போது அதன் ஓடு ஒரு சாண் நீளம், நிறமும் கறுத்துவிட்டது. தொட்டி போதவில்லை, நாள்தோறும் நீர் மாற்ற ஆளில்லை, வீட்டை மாற்றிச் சிறிய வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. "ஊர்ல கொளம் இருக்குல்லா, அதுல விட்டுருவோம்னு கொண்டாந்தேன்" என்றார் அண்ணன்.

எங்கள் ஆச்சிக்கு வாளியைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்லுவாவ. பொழுது சாயறதுக்குள்ள எங்கயாச்சும் கொண்டு போய் விடுங்க. தண்ணியில விட்டா புண்ணியமாவது கெடைக்கும்" என்றார்கள். மதினிக்கும் அதுவே சரியென்று பட்டது. ஆமையை வளர்த்த சிறுமி மட்டும் என்னிடம் வந்து, "கொளத்துல விட்டா அதுக்குச் சாப்பாடு யாரு போடுவா அத்தை?" என்று கேட்டாள்.

விலங்கியல் மாணவியாகிய என்னால் அந்தக் கேள்விக்கு அப்போது விடை கூற முடியவில்லை. "எனக்குப் பத்து நாள் தாருங்கள், அதுவரை இங்கேயே இருக்கட்டும்" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பண்டிகை முடிந்து அவர்கள் சென்றனர். வாளி எங்கள் வீட்டில் தங்கியது. அந்தப் பத்து நாட்களில் நூலகத்தில் படித்தும், துறை ஆசிரியர்களிடமும் வனத்துறைப் பணியாளரிடமும் கேட்டும் அறிந்தவையே இனி வருவன.

இது எந்த ஆமை?

முதலில் இனத்தை அறிதல் வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்தது நம் நாட்டு ஆமை அன்று. அதன் கண்ணுக்குப் பின்னால் இருபுறமும் சிவப்புப் பட்டை ஒன்று உண்டு. அதனாலேயே இதனைச் செஞ்செவி ஆமை எனலாம். ஆமைக்குப் புறச்செவி கிடையாது. செவி இருக்கும் இடத்தில் சிவப்புப் பட்டை அமைந்திருப்பதால் வந்த பெயர் இது. மரக்கட்டைகளின்மேல் ஏறி வெயில் காய்வதும், ஆள் அரவம் கேட்டதும் நீருக்குள் சறுக்கி விழுந்து மறைவதும் இதன் வழக்கம். இதன் தாயகம் அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிசிசிப்பி ஆற்று வடிநிலமும் மெக்சிகோவின் வடபகுதியும் ஆகும்.

குஞ்சாக இருக்கும்போது உள்ளங்கையில் நான்கைந்தை வைக்கலாம். நன்கு வளர்ந்த பெண் ஆமையோ 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை நீளும். ஆண் சற்றுச் சிறியது. அதன் முன்கால் நகங்கள் நீண்டிருக்கும். நல்ல பராமரிப்பில் இவை 20, 30 ஆண்டுகள், சில வேளைகளில் அதற்கு மேலும் வாழ்கின்றன. ஐந்து வயதுக் குழந்தைக்கு விளையாட்டுப் பொருளாக வாங்கப்படும் ஆமை, அக்குழந்தைக்குத் திருமணமாகி ஒரு குழந்தை பிறந்த பின்னும் அதே வீட்டில் இருக்கக்கூடும். கடையில் இதை எவரும் கூறுவதில்லை, வாங்குவோர் கேட்பதுமில்லை.

ஏன் வேண்டாததாகிறது?

நாய், பூனை ஆகியவற்றின் பசியும் நோயும் நமக்குத் தெரியும். அவை குரைக்கும், கத்தும், காலைச் சுற்றி வரும். ஊர்வன அவ்வாறு அல்ல. ஆமை நோயுற்றாலும் ஒலி எழுப்பி அழைப்பதில்லை. உணவின்றியும் பல நாட்கள் உயிரோடிருக்கும். இதனால் நலமாக இருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது மெல்ல மெல்ல நலிந்துகொண்டிருக்கும்.

ஊர்வன தம் உடல் வெப்பத்தைத் தாமே உண்டாக்கி நிலைநிறுத்திக்கொள்ள இயலாத குளிர்குருதி விலங்குகள் என்பதைப் பாடத்தில் படித்துள்ளோம். படித்ததன் பொருள் எனக்கு இப்போதுதான் விளங்கியது. வெயில் காய்ந்தால்தான் அதற்குச் செரிமானம் நடக்கும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகும். அது உண்டானால்தான் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து எலும்புக்கும் ஓட்டுக்கும் சேரும். கண்ணாடி சன்னலைத் தாண்டி உள்ளே விழும் வெளிச்சம் இதற்குப் போதாது. அக்கதிரில் பெரும்பகுதியைக் கண்ணாடி தடுத்துவிடும். அடுக்குமாடி வீட்டின் கூடத்தில், மின்விளக்கின் கீழ் வைக்கப்பட்ட ஆமையின் ஓடு மென்மையாகி, வளைந்து, உருக்குலைவது இதனாலேயே.

மேலும், ஆமைகளின் குடலில் சால்மோனெல்லா என்னும் நுண்ணுயிர் நோய்க்குறி எதுவுமின்றித் தங்கியிருப்பது உண்டு. அது தொட்டி நீரிலும் ஓட்டிலும் பரவும். ஆமையைத் தொட்ட கையை வாயில் வைக்கும் சிறு குழந்தைகளுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வரும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 4 அங்குலத்திற்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளை வளர்ப்புக்காக விற்பது 1975-ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டதன் காரணம் இதுதான். சின்னஞ்சிறு ஆமைகளைத்தான் குழந்தைகள் முத்தமிட முயல்கின்றனர் அல்லவா?

ஆக, பெரிதாகிறது, நாறுகிறது, நோய் பற்றிய அச்சம் வருகிறது, வீடு மாறுகிறது, குழந்தையின் ஆவல் தணிகிறது. உடனே நீர்நிலை நினைவுக்கு வருகிறது.

உலகம் கண்ட பாடம்

ஓர் அண்ணன் மட்டும் இவ்வாறு எண்ணினால் கேடில்லை. உலகெங்கும் எண்ணற்ற அண்ணன்மார்கள் இவ்வாறே எண்ணினர். அதன் விளைவு, உலகப் பாதுகாப்பு ஒன்றியம் தொகுத்த, மிகவும் தீங்கு செய்யும் 100 ஆக்கிரமிப்பு அயல் இனங்களின் பட்டியலில் இந்தச் செஞ்செவி ஆமையும் இடம்பெற்றுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 1997-ஆம் ஆண்டில் இதன் இறக்குமதியைத் தடுத்தது. 2016-இல் வெளியிட்ட ஆக்கிரமிப்பு இனங்களின் முதற்பட்டியலிலும் இதனைச் சேர்த்தது. பிரான்சு நாட்டில் நடந்த ஆய்வுகளில், இவ்வாமையோடு ஒரே குளத்தில் விடப்பட்ட ஐரோப்பியக் குளத்து ஆமைகள் வெயில் காயும் நல்ல இடங்களை இழந்தன, எடை குறைந்தன, மிகுதியாக மடிந்தன. கடித்துக் கொன்றதனால் அன்று; வெயிலையும் உணவையும் பறித்துக்கொண்டதனால் நேர்ந்தது அது.

நம்மிலும் முன்பே இத்துன்பத்தை அனுபவித்த நாடு சப்பான். அங்கே இதனைப் பச்சை ஆமை என்ற செல்லப் பெயரால் அழைத்துப் பல ஆண்டுகள் வீடுதோறும் வளர்த்தனர். வளர்ந்ததும் ஆற்றிலும் குளத்திலும் விட்டனர். 2023 சூன் 1 முதல் அந்நாட்டு அரசு இதன் விற்பனையையும் இறக்குமதியையும் வெளியில் விடுவதையும் தடை செய்தது. ஆனால், வீட்டில் ஏற்கெனவே வளர்ப்பவர் தொடர்ந்து வளர்க்கத் தடையில்லை. வளர்க்க இயலாதவர் பொருள் ஏதும் பெறாமல் வேறொருவருக்குக் கொடுக்கவும் தடையில்லை. வளர்ப்பதையே குற்றமாக்கினால் மக்கள் அஞ்சி, இரவோடு இரவாக நீர்நிலைகளில் வீசிவிடுவர் என்று எண்ணியே அவ்வாறு செய்தனர். மனித மனத்தை அறிந்து இயற்றிய சட்டம் என்று இதனைப் பாராட்டத் தோன்றுகிறது.

நம் அண்டை மாநிலமாகிய கேரளத்திலும் இவ்வாமை வெளி நீர்நிலையில் காணப்பட்டதாக 2018-ஆம் ஆண்டில் திருச்சூர்ப் பகுதியிலிருந்து செய்தி வந்தது. அதன் பின்னர், பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம், வீடுகளில் உள்ள செஞ்செவி ஆமைகளைக் குளங்களில் விடாமல் தங்களிடம் ஒப்படைக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது. அசாம் மாநிலத்தில் குவாகாத்தி நகரின் உக்கிரதாரா கோயில் குளத்திலும் இவ்வினம் காணப்பட்டது. கோயில் குளம் என்றதும் எனக்கு எங்கள் ஆச்சி சொன்ன புண்ணியம் நினைவுக்கு வந்தது. நாடு வேறு, மொழி வேறு. மனிதர் எண்ணம் ஒன்றுதான்.

நம் குளத்தில் விட்டால்?

நம் குளங்களில் முன்பே குடியிருப்போர் உண்டு. பாலாமை என்று வழங்கும் ஆமை, கோடையில் குளம் வற்றும்போது சேற்றுக்குள் புதைந்து கிடந்து, மழை பெய்ததும் வெளிவருவது. காராமை என்று வழங்கும் கறுத்த ஓட்டு ஆமையும் உண்டு. இறந்த மீனையும் அழுகிய தாவரத்தையும் தின்று நீரைத் தூய்மையாக வைத்திருக்கும் துப்புரவுப் பணியாளர்கள் இவை. வற்றும் குளத்திற்கும் பெய்யாத மழைக்கும் தம்மைப் பழக்கிக்கொண்டு நெடுங்காலமாக நம்மோடு வாழ்பவை.

அவற்றிடையே ஓர் அயலாரைக் கொண்டுபோய் விட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். தொட்டியில் தீவனக் குச்சிகளையே தின்று பழகிய ஆமை, கோடையில் வற்றிய குளத்தில் வழி தெரியாமல் மடியும். அல்லது பிழைத்துக்கொள்ளும், பிழைத்தால் நாட்டு ஆமைகளின் இரையையும் வெயில் திட்டையும் பங்கிட்டுக்கொள்ளும், தொட்டியில் பெற்ற ஒட்டுண்ணிகளையும் நோய்களையும் அவற்றுக்குக் கொடுக்கும். முதலாவது நடந்தால் வளர்த்த உயிருக்குத் துரோகம். இரண்டாவது நடந்தால் குளத்து உயிர்களுக்குத் துரோகம். இவ்விரண்டில் எதிலும் புண்ணியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

"ஒரே ஓர் ஆமையால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்கலாம். ஆகாயத்தாமரையும் ஒரு காலத்தில் அழகிய பூவென்று கருதி அயல்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டதுதான். சீமைக் கருவேலும் விறகுக்கும் வேலிக்கும் பயன்படுமென்று விதைக்கப்பட்டதுதான். இன்று நம் வட்டாரத்துக் கண்மாய்க் கரைகளில் நடந்து பாருங்கள், விடை கிடைக்கும். விட்டவர் கை ஒன்று. வெட்டி மாளாத கைகள் ஆயிரம்.

நாட்டு ஆமையின் கதை வேறு

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக அறிதல் வேண்டும். சில வீடுகளில் நட்சத்திர ஆமையை வளர்ப்பர். அதன் மேட்டோட்டில் மஞ்சள் கோடுகள் விண்மீன் கதிர்போல் விரிந்திருக்கும். அது நீர் ஆமை அன்று. புல், பழம், கள்ளிச் சதை முதலியவற்றைத் தின்று புதர்க்காடுகளில் வாழும் தரை ஆமை. இந்தியாவின் வடமேற்கிலும், தமிழகம் உள்ளிட்ட தென்பகுதியிலும், இலங்கையிலும் இயற்கையாக வாழ்கிறது. வீட்டில் இருந்தால் செல்வம் சேரும் என்று நம்புவோர் உண்டு. ஆமை புகுந்தால் வீடு உருப்படாது என்பதும், ஆமை இருந்தால் செல்வம் பெருகும் என்பதும் ஒரே மக்களிடையே உலவுகின்றன! இரண்டிலும் ஆமைக்குத் தொடர்பு ஏதும் இல்லை.

நட்சத்திர ஆமை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காக்கப்பட்ட இனம். அச்சட்டத்துக்கு 2022-இல் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இது முதல் அட்டவணையில் உள்ளது. முதல் அட்டவணை விலங்கு தொடர்பான குற்றத்திற்கு 3 ஆண்டுகளுக்குக் குறையாத, 7 ஆண்டுகள் வரையிலான சிறைத்தண்டனையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத தண்டமும் உண்டு. உலக நாடுகளிடையேயான வணிகத்திலும் 2019 முதல் இது முழுத் தடைக்கு உரியதாக்கப்பட்டுள்ளது. எனவே நட்சத்திர ஆமையைத் தத்துக் கொடுத்தல், எடுத்தல் என்ற பேச்சுக்கே இடமில்லை. கண்டால் வனத்துறையிடம் கூறுவதே முறை.

"நாட்டு ஆமைதானே, நாமே கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிட்டால் என்ன?" என்ற கேள்வி எழலாம். இதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். கடத்திச் செல்லப்பட்டுச் சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் 2018 நவம்பரில் கர்நாடக மாநிலத்திற்குத் திருப்பிக் கொண்டுவரப்பட்டன. அவற்றை விமான நிலையத்திலிருந்து நேரே காட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிடவில்லை. நோய் இருக்கிறதா என்று தனியே வைத்துப் பார்ப்பதும், எந்தப் பகுதியைச் சேர்ந்தவை என்று மரபணு வழியே அறிய முயல்வதும், வேலியிட்ட இடத்தில் காட்டுணவுக்குப் பழக்குவதும் தேவைப்பட்டன. வடமேற்குப் பகுதி ஆமையும் தென்பகுதி ஆமையும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் மரபில் வேறுபட்டவை. கலந்துவிட்டால் பிரித்தெடுக்க இயலாது. ஓர் உயிரை அதன் வீட்டுக்கே திருப்பி அனுப்புவதற்கும் இவ்வளவு அறிவும் பொறுமையும் வேண்டியிருக்கின்றன.

சட்டம் கூறுவது

சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளிலிருந்து ஆமைக் குஞ்சுகளும், மலைப்பாம்புகளும், இகுவானா என்னும் பெரிய பச்சை ஓணான்களும் பிடிபட்ட செய்திகளை நாளிதழ்களில் அடிக்கடி காண்கிறோம். பிடிபட்டவை பெரும்பாலும் வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்படுகின்றன. பிடிபடாதவை கடைகளுக்கும் வீடுகளுக்கும் சென்று சேர்கின்றன.

அவ்வாறு வீடுகளில் உள்ளவற்றைக் கணக்கில் கொண்டுவர நடுவண் அரசு 2020 சூன் மாதத்தில் ஒரு வாய்ப்பளித்தது. உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் ஆறு மாதங்களுக்குள் தாமாகவே தெரிவித்தால், ஆவணம் எதுவும் கேட்கப்படாது என்று கூறிற்று. பின்னர் 2022 திருத்தம் இதனைக் கட்டாயமாக்கியது. அதன்கீழ் 2024-இல் விதிகளும் வந்தன. பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் அரசின் பரிவேஷ் இணையத்தளத்தின் வழியே பதிவு செய்தல் வேண்டும். அது குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும், வேறொருவர் கைக்கு மாறினாலும் தெரிவித்தல் வேண்டும். இகுவானா, பந்து மலைப்பாம்பு முதலியன இதில் அடங்கும். ஆகவே அயல்நாட்டு ஊர்வன ஒன்றை எவரேனும் அன்பளிப்பாகத் தர முன்வந்தால், "பதிவு இருக்கிறதா?" என்பதே நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி. அதே 2022 திருத்தம், ஆக்கிரமிப்பு அயல் இனங்களின் இறக்குமதி, வணிகம், வைத்திருத்தல், பெருக்கம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தையும் நடுவண் அரசுக்கு அளித்துள்ளது.

காப்பிடத்திற்கும் எல்லை உண்டு

"விலங்குக் காட்சிசாலையில் கொடுத்துவிட்டால் போகிறது" என்றார் என் தோழி ஒருத்தி. நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். சென்னை முதலைப் பண்ணையின் வரலாற்றைப் படித்தபின் அவ்வெண்ணம் மாறியது.

ராமுலசு விட்டேக்கர் முதலியோர் 1976-ஆம் ஆண்டில் கிழக்குக் கடற்கரையோரம் அப்பண்ணையைத் தொடங்கியபோது, நம் நாட்டு முதலைகள் அழியும் நிலையில் இருந்தன. பண்ணையில் சதுப்பு நில முதலைகளைப் பெருக்கி, பிற இடங்களுக்கும் அனுப்பினர். முயற்சி பெருவெற்றி பெற்றது. வெற்றியே பின்னர் சிக்கலாயிற்று. முதலைகள் பெருகிக்கொண்டே போயின. அவற்றை விடுவதற்கேற்ற ஆறுகளும் நீர்த்தேக்கங்களும் பெருகவில்லை. இட நெருக்கடியைக் குறைக்க, அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 1,000 முதலைகளைக் குசராத்து மாநிலம் சாம்நகரில் உள்ள விலங்குக் காப்பகத்திற்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. ஊர்வனவற்றையே வாழ்க்கையாகக் கொண்ட அறிஞர்கள் நடத்தும் நிலையத்திற்கே இடம் போதாமல் போகிறதென்றால், நாம் ஒவ்வொருவரும் வாங்கி வாங்கிக் கைவிடுபவற்றுக்கெல்லாம் எந்தக் காப்பகத்தில் இடமிருக்கும்?

ஆகவே காப்பகம் என்பது கடைசி வாயில். முதல் வாயில் அன்று. வளர்த்தவர் வீடே முதல் வாயில். அடுத்தது, அறிந்து வளர்க்க முன்வரும் இன்னொருவர் வீடு.

தத்துக் கொடுப்போரும் எடுப்போரும் அறிய வேண்டியவை

நான் கற்றவற்றைத் தொகுத்துக் கூறுகிறேன்.

1. முதலில் இனத்தை உறுதி செய்க. நாட்டு இனமாயின் நேரே வனத்துறையிடம் செல்க. அயல் இனமாயின் பதிவு தேவையா என்பதை அவர்களிடமே கேட்டறிக.

2. எந்த இனமாயினும் ஆறு, குளம், கிணறு, கோயில் தெப்பம் எதிலும் தாமாக விடற்க.

3. கொடுப்பவர் பணம் பெறாமல் கொடுத்தல் நலம். விலை வைத்தால் அது வணிகமாகிவிடும். வணிகமானால் இன்னும் பல குஞ்சுகள் பெட்டிக்குள் அடைபட்டு வரும்.

4. வயது, உணவு, இதுவரை கண்ட நோய் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க. பெண் கொடுக்கும் வீட்டில் கூறுவதுபோல் குறைகளையும் மறையாது கூறுக.

5. எடுப்பவர், "இன்னும் இருபது ஆண்டுகள் நான் எங்கே இருப்பேன்?" என்று ஒருமுறை தம்மையே கேட்டுக்கொள்க.

6. நீர் ஆமைக்கு நீந்தப் போதிய ஆழமும், ஏறி முழுதும் உலர ஒரு கல்லும், நாள்தோறும் நேர் வெயிலும், ஒதுங்க நிழலும் வேண்டும். சுவர் ஏறித் தப்ப முடியாதபடி உயர்ந்திருத்தல் வேண்டும். தொட்டி நீரை வாய்க்காலில் விடாமல் செடிக்கு ஊற்றுக.

7. குஞ்சுப் பருவத்தில் புலால் உணவை மிகுதியாக உண்ணும் இவ்வாமை, வளர வளரக் கீரையையும் நீர்த்தாவரத்தையும் மிகுதியாக உண்ணும். சோறும் ரொட்டியும் அதற்கு உணவல்ல.

8. தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுக. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தொடவிடாதிருத்தல் நன்று.

9. ஆணையும் பெண்ணையும் ஒருங்கே வைக்கற்க. ஒன்றுக்கே இடம் தேடும் நாம் இருபதுக்கு எங்கே போவது?

பத்தாம் நாள்

பத்து நாட்கள் முடிந்தன. வனத்துறைப் பணியாளர் என் கேள்விகளைப் பொறுமையோடு கேட்டார். "எங்கும் விட்டுவிடாதே அம்மா, வளர்க்க முடிந்தால் வளர்த்துவிடு, முடியாதபோது எங்களிடம் வந்து சொல்" என்றார். அன்று மாலை நான் ஆச்சியின் அருகில் அமர்ந்து, இங்கே எழுதியவற்றையெல்லாம் அவர்களுக்குப் புரியும்படி கூறினேன். பிரான்சு நாட்டு ஆய்வும் சப்பான் சட்டமும் அவர்கள் மனத்தைத் தொடவில்லை. சீமைக் கருவேல் தொட்டது. அந்த மரம் இல்லாத குளத்தை அவர்கள் தம் சிறுவயதில் பார்த்திருக்கிறார்கள். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்த மாட்டுத்தொட்டி சும்மாதான கெடக்கு, அதக் கழுவிப் போடுட்டி" என்றார்கள்.

மாடு விற்றபின் வெறுமனே கிடந்த அந்தச் சிமிட்டித் தொட்டிதான் இப்போது ஆமையின் வீடு. நடுவில் ஒரு பழைய அம்மிக்கல் போட்டிருக்கிறோம். காலை எட்டு மணி வெயிலில் அது கழுத்தையும் நான்கு கால்களையும் நீட்டிக்கொண்டு அக்கல்லின்மேல் கிடக்கும். ஏழாண்டுகளுக்கும் மேலாக மின்விளக்கின் கீழிருந்த உயிர் முழு வெயிலில் கிடப்பதைப் பார்க்க எனக்குச் சற்று வருத்தமாகவும் இருக்கிறது. அது பிறந்திருக்க வேண்டிய ஆறு கடலுக்கு அப்பால் இருக்கிறது. அங்கே அதனைக் கொண்டுசேர்க்க நம்மால் ஆகாது. நாம் கொடுக்கக்கூடியது ஒரு தொட்டியும் ஒரு கல்லும் வெயிலும்தான்.

சென்னைச் சிறுமிக்குத் தொலைபேசியில் அவளுடைய கேள்விக்கான விடையைச் சொன்னேன்: "சாப்பாடு நான் போடுவேன். நீ கோடை விடுமுறைக்கு வரும்போது நீ போடு." நான் மேற்படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் செல்ல நேர்ந்தால் யார் பார்ப்பது என்பதையும் இப்போதே தம்பியிடம் பேசி வைத்திருக்கிறேன். ஐந்தாம் விதியை எழுதிய நானே அதை மீறலாகாது அல்லவா?

முடிவுரை

ஐம்பொறிகளையும் அடக்கி ஆளும் அடக்கத்திற்கு வள்ளுவர் ஆமையை உவமையாக்கினார். நம் பழமொழியோ அதனை வீட்டைக் கெடுக்கும் விருந்தாளி ஆக்கிற்று. அப்பழமொழியில் கூறப்படும் ஆமை, கல்லாமை, முயலாமை, பொறாமை போன்ற ஆமைகளே என்று விளக்கம் கூறுவோர் உண்டு. நான் அப்பட்டியலில் அறியாமையைச் சேர்க்க விரும்புகிறேன். எத்தனை ஆண்டு வாழும் என்று அறியாமல் வாங்குகிறோம். எதைத் தின்னும் என்று அறியாமல் வளர்க்கிறோம். என்ன விளையும் என்று அறியாமல் குளத்தில் விடுகிறோம். அதனைப் புண்ணியம் என்றும் எண்ணிக்கொள்கிறோம்.

நண்பர்களே, கடையில் கண்ணாடித் தொட்டிக்குள் நாணயம் அளவில் நீந்தும் பச்சை ஆமையைக் காணும்போது, எங்கள் வீட்டு மாட்டுத்தொட்டியை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். வாங்காமல் வந்துவிடுங்கள். முன்பே வாங்கியிருந்தால், குளத்தை நோக்கி நடக்காதீர்கள். உங்களால் இயலாவிட்டால், இயன்ற ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை அந்த உயிர் உங்கள் பொறுப்பு. விடுவது எளிது, ஒரு நொடியில் கை நழுவிவிடும். ஒப்படைப்பதற்குத்தான் பத்து நாட்களாவது வேண்டும்.